பதினாறு சுற்றும் ஒரு கம்பமும்

ஏப்ரல் 27, சனி

ஒரு கையைத் தூக்கியதற்கு இந்தத் தண்டனை.

ஜெசிந்தா நடனம் கற்றுக்கொள்கிற பள்ளியில் இன்று பெற்றோர் கூட்டம். நாட்டுப்புற நடனக் குழுவை இந்த ஊர்க்காரர்கள் எஸ்பார்ட் என்கிறார்கள். பெரியவர்கள் ஆடுவது குழு. அதில் சேர்வதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பள்ளி. ஐந்து மணிக்குக் கூட்டம் என்றார்கள். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி எட்டரை வரைக்கும் பேசினார்கள். இங்கே பேசுகிற கதலான் மொழியில் எனக்குத் தெரிந்தது, நான் வேலை பார்க்கிற தோல் தொழிற்சாலைக்கு வேண்டிய அளவுதான்: ஈரம், தடிமன், சாயம், சீக்கிரம். அந்தக் கூட்டத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட யார் வாயிலும் வரவில்லை, முக்கியமாக நான்காவது. எப்போது முடியும் என்று கேட்கலாம் என்று கையைத் தூக்கினேன். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இரண்டு பெண்மணிகள் வந்து கன்னத்தில் முத்தம் வேறு கொடுத்தார்கள்.

ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, ரிப்பன் ஆட்டத்துக்கு நடுவுல கம்பம் பிடிக்க ஆள் கேட்டாங்க. நீங்க கையத் தூக்கிட்டீங்க."

"இல்லேன்னு சொல்லிரு பாப்பா."

"கைதட்டிட்டாங்கப்பா. இனிமே சொல்ல முடியாது."

திண்டுக்கல்லில் இருக்கிற மனைவி பிலோமினாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதனால்தான் இந்த நாட்குறிப்பு. விமானம் ஏறும்போது அவள் பெட்டிக்குள் வைத்தது, ஒன்றரை வருஷமாகக் காலியாகக் கிடந்தது. இதாவது சிரிக்காது.

ஏப்ரல் 30, செவ்வாய்

முதல் ஒத்திகை. நடன ஆசிரியை மொன்செ. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் விசில். எனக்காக மெதுவாக, கையால் காட்டிக் காட்டிப் பேசுகிறாள், புரியாததை ஜெசிந்தா சொல்கிறாள். இந்த ஊரில் சின்னவர் பெரியவர் கிடையாது, எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். என்னை இக்னாசி என்கிறார்கள். இன்னாசிமுத்து என்று சொன்னதும் இன்னாசி எங்கள் ஊர்ப் பெயரல்லவா என்று பாதி உறவுக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

ஆட்டம் புதிதல்ல. நம்மூர்ப் பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கம்பத்தின் உச்சியில் ஒரு தட்டு, அதில் எட்டு வளையம், எட்டு நிற ரிப்பன். எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, நான்கு பேர் வலமாகவும் நான்கு பேர் இடமாகவும், ஒருவருக்கு மேலே அடுத்தவருக்குக் கீழே என்று புகுந்து ஓட வேண்டும். கம்பத்தில் பின்னல் இறங்கிக்கொண்டே வரும். பதினாறு சுற்று முடிந்ததும் தலைவி குரல் கொடுப்பாள். உடனே எல்லோரும் திரும்பி, வந்த வழியே பதினாறு சுற்று. பின்னல் முழுக்க அவிழ்ந்து எட்டு ரிப்பனும் நேராகத் தொங்க வேண்டும். பின்னும்போது தப்பு நடந்தால் யாருக்கும் தெரியாதாம், அவிழ்க்கும்போதுதான் தெரியுமாம்.

சுற்றை எண்ணுகிற தலைவி சிவப்பு ரிப்பன்காரி. அது ஜெசிந்தா. அதைக்கூட இவள் எனக்குச் சொல்லவில்லை, மொன்செ சொல்லித்தான் தெரிந்தது.

என் வேலை நடுவில் நிற்பது. ஆடக்கூடாது, பேசக்கூடாது, அசையக்கூடாது. அவிழ்க்கும்போது மட்டும் அண்ணாந்து தட்டைப் பார்த்து, ரிப்பன் எதிலாவது சிக்கினால் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு மனுஷனா? தரையில் குழி தோண்டி நட்டுவிட்டால் போகாதா என்று கேட்டேன்.

"நூத்து நாப்பது வருஷமா ஆள்தான் பிடிக்கிறார், இக்னாசி" என்றாள் மொன்செ.

முப்பது வருஷம் பிடித்தவர் ஜாவுமா. எழுபது தாண்டியவர், முதுகுத்தண்டில் தகராறு. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என் காலைப் பார்த்துவிட்டு, கயிற்றைத் திரித்து அடி தைத்த அவருடைய துணிச்செருப்பை நீட்டினார்.

"இதப் போட்டுக்க. தோல் அடி வேண்டாம்."

இருபத்து நான்கு வருஷமாகத் தோலில் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா? என் ஷூ ஆம்பூரில் அளவு கொடுத்துத் தைத்தது. இரட்டைத் தோல் அடி. இந்த ஊரையே சுற்றிப் பார்த்தாலும் அப்படி ஒரு அடி கிடைக்காது. மரியாதையாக வேண்டாம் என்றேன்.

மே 4, சனி

முதல்முறையாக முழு ஆட்டம். விளங்கவில்லை.

பின்னல் அழகாக இறங்கியது. திரும்பினார்கள், அவிழ்ந்தது. கடைசியில் பார்த்தால் எட்டு ரிப்பனும் நேராகத் தொங்காமல் கம்பத்தை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன. மொன்செ விசில் ஊதினாள். எண்ணிக்கை பிசகிவிட்டதாம். போகும்போது பதினாறு, வரும்போது பதினைந்து.

"பதினாறுதான் எண்ணினேன்" என்றாள் ஜெசிந்தா. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

பிள்ளை என்னைத் தாண்டி ஓடும்போதெல்லாம் வாய்க்குள் தமிழில் எண்ணுகிறாள். "அஞ்சு... ஆறு..." கணக்கில் அவள் அம்மா மாதிரி, பிசகாது. மற்ற பிள்ளைகள்தான் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறார்கள். மிரெயா என்றொரு மஞ்சள் ரிப்பன்காரி, பேன் பார்க்கிறவள் மாதிரி எப்போதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆடுகிறாள்.

நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை? வேடிக்கைதான். எதிரே கதவு, அதற்கு மேலே ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுகிற கடிகாரம். ஜன்னல் வழியே கோவில் கோபுரம். கண்ணாடிச் சுவரில் என் தொப்பை. பெஞ்சில் ஜாவுமாவும் அவர் பட்டையும். மறுபடி கதவு. ஒரு மணி நேரத்தில் இந்த அறையை நான்கு பக்கமும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

மே 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பிலோமினாவிடம் பேசினேன். அவள் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை. எனக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குமாக ஒரே குரல் வைத்திருக்கிறாள்.

"இங்க பாருங்க, பத்தாவது முடியிறவரைக்கும் உங்ககூட, பிறகு எங்கூடன்னுதான் பேச்சு. பிளஸ் ஒன்னுக்கு சீட்டு பிடிச்சு வச்சிருக்கேன். ஜூன் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பாங்க."

"அவ அந்தக் குழுவுல சேரணும்ங்கிறா."

"சேத்துக்கிட்டாங்கன்னா இருக்கட்டும். இல்லேன்னா ஜூன் இருபத்தெட்டு. டிக்கெட் போடுங்க."

நியாயம்தான். பெண் பிள்ளை அம்மாவிடம் இருப்பதுதான் நல்லது. குளியலறை வாளியில் தலைமுடி, சிங்கில் ஊறுகிற தட்டு, காதில் எந்நேரமும் ஒயர். ஒரு நாளைக்கு என்னிடம் பேசுகிற சொற்கள் மொத்தம் பதினாறைத் தாண்டாது. போனால் எனக்கு நிம்மதி. டிக்கெட் போட்டேன்.

ஸ்நாபக அருளப்பர் திருநாள் ஜூன் 24. அன்று ஊர்ச் சதுக்கத்தில் ரிப்பன் ஆட்டம். அதில் ஆடுகிறவர்களிலிருந்துதான் குழுவுக்கு ஆள் எடுப்பார்கள்.

மே 11, சனி

மறுபடியும் ஒரு சுற்று மிச்சம். மூன்று தடவை ஆடினார்கள், மூன்றிலும். மொன்செ கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. ஜெசிந்தா தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். இவள் கேட்டுக்கொண்டே காலால் தரையைச் சுரண்டினாள்.

ஜாவுமா பெஞ்சிலிருந்து மறுபடியும் செருப்பைத் தூக்கிக் காட்டினார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். ரிப்பன் சிக்குவதற்கும் என் ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழிலேயே கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பைப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவள் கேட்டாள்: "அப்பா, நீங்க நடுவுலதானே நிக்கிறீங்க. நான் எங்க விடறேன்னு தெரியுதா?"

"நீ எங்கயும் விடலை பாப்பா. ஏழாவது சுத்துல உதட்டைக் கடிக்கிற. பத்துல நெத்தியில முடி விழுது, ஊதித் தள்ளுற. பன்னெண்டுல மிரெயாவைப் பாத்து லேசாச் சிரிக்கிற. மத்தபடி கணக்கு சரியா வருது."

"பின்ன ஏன் தப்பாகுது?"

அவளுக்கு ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஏழு பேரை ஆசிரியை சேர்த்துவிட்டாள் என்றேன். வேறென்ன சொல்ல?

மே 14, செவ்வாய்

சமையலறைக்குள் கால் வைக்க முடியவில்லை. சோற்றுப் பானையில் அரிசி, அரிசியில் நட்ட கரண்டி, கரண்டிக் காம்பில் எட்டு நூல். ஒவ்வொரு நூல் நுனியிலும் ஒரு பட்டன். இவள் இரண்டு கையாலும் பட்டன்களை நகர்த்தி நகர்த்திப் பின்னுகிறாள், அவிழ்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் எட்டு நூலும் நேராகத் தொங்குகின்றன.

"பாத்தீங்களாப்பா? இதுல வருது. அங்க மட்டும் வரலை."

ரசம் வைக்கக் கரண்டி வேண்டும் என்றேன். தரவில்லை. டம்ளரால் கலக்கினேன்.

மே 18, சனி

காய்ச்சல். போகவில்லை. டாக்டரையும் மீறி ஜாவுமா ஒரே ஒரு தடவை கம்பத்தைப் பிடித்தாராம். எட்டு ரிப்பனும் நேராக வந்ததாம். ஜெசிந்தா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள், என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட மறந்துவிட்டாள்.

சந்தோஷம்தான். நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வருமா?

மே 21, செவ்வாய்

வந்தேன், நின்றேன், ஒரு சுற்று மிச்சம். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் தெரியும்.

ஜூன் 1, சனி

நான்கு தடவை ஆடி நான்கிலும் தப்பு. ஜெசிந்தா இப்போது சத்தமாகவே எண்ணுகிறாள். எண்ணிக்கொண்டே விரலையும் மடக்குகிறாள். நடுவில் ஒருதரம் நின்றே போனாள். "பதினொண்ணா பன்னெண்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் பேசக்கூடாதே. மொன்செ விசில் ஊதினாள்.

தொழிற்சாலையில் இன்று ஒரு தொட்டிச் சாயத்துக்கு உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். இருபத்து நான்கு வருஷத்தில் இரண்டாவது முறை.

ஜூன் 8, சனி

மொன்செ இன்று சோதனை வைத்தாள். ஜெசிந்தாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சிவப்பு ரிப்பனை மிரெயாவிடம் கொடுத்தாள். மஞ்சளுக்குப் பெரியவர்கள் குழுவிலிருந்து ஒருத்தி மாற்றாக வந்தாள். நான் எதையும் பார்க்கவில்லை. பெஞ்சையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெசிந்தா ஜாவுமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்புக் கயிற்றைக் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து, நிமிரவே இல்லை.

எட்டு ரிப்பனும் நேராகத் தொங்கின.

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கம்பத்தை அப்படியே கீழே போட்டுவிட்டுப் போகலாம் போலிருந்தது. மிரெயாவுக்கு எண்ண வருமா? அவளுக்கு ஒன்பதுக்குப் பிறகு என்ன வரும் என்றே சந்தேகம்.

ஜூன் 11, செவ்வாய்

முடிவு சொல்லிவிட்டார்கள். திருநாளன்று சிவப்பு ரிப்பன் மிரெயாவுக்கு. ஜெசிந்தா மாற்று ஆள். மாற்று ஆளைக் குழுவுக்கு எடுப்பதில்லை.

மொன்செ வீடு தேடி வந்துதான் சொன்னாள். என் தேநீரைக் குடித்தாள், ஏலக்காய் நன்றாக இருக்கிறது என்றாள், கண் கலங்கினாள். "நல்லா ஆடுறா, இக்னாசி. ஆனா எண்ணிக்கை ஒருதரம் கைவிட்டுட்டா அப்புறம் யாருக்கும் திரும்ப வராது. நான் பாத்திருக்கேன்." கோபித்துக்கொள்ளக்கூட விடாமல் இப்படி ஒரு பெண்மணி.

பிலோமினாவிடம் சொன்னேன். "சரி விடுங்க, இருபத்தெட்டாம் தேதி வரட்டும்" என்றாள். குரலில் சந்தோஷத்தை அடக்கத்தான் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றரை வருஷம் ஆகிறதே.

ஜூன் 15, சனி

ஜெசிந்தா ஒத்திகைக்கு வரவில்லை. எனக்கு மட்டும் விடுதலை இல்லை. பெஞ்சில் ஜாவுமா தனியாக இருந்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கதவுக்கு மேலேயிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை ஆடினார்கள், இரண்டும் சரியாக வந்தன. எரிச்சலாக வந்தது.

ஜூன் 18, செவ்வாய்

சூட்கேஸ் பதினெட்டு கிலோ. சோற்றுப் பானையில் கரண்டி இல்லை, எட்டு நூலும் குப்பைத்தொட்டியில் கிடந்தன.

ஜூன் 22, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

திருநாளுக்குக் கம்பம் பிடிப்பவனும் வேஷம் கட்ட வேண்டும். வெள்ளைச் சட்டை, சிவப்புத் தொப்பி, அந்தக் கயிற்றுச் செருப்பு. காலையில் ஜாவுமா வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சரி, இனி ஆம்பூர் ஷூவுக்கு வேலையில்லை, பாலிஷ் போட்டு எடுத்து வைப்போம் என்று பால்கனியில் உட்கார்ந்தேன். மேலே போட்டேன், பக்கவாட்டில் போட்டேன், கவிழ்த்தேன்.

நடக்கிறவன் செருப்பு குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழேயும் தேயும். தேய்மானம் முன்னும் பின்னுமாகக் கோடு விடும். என் ஷூ அடியில் இரண்டு காலிலும் வட்டக் கோடு. ஒன்றுக்குள் ஒன்றாக, பத்துப் பதினைந்து. தோலைப் பார்த்து, மாடு எந்தப் பக்கம் படுத்துப் பழகியது என்றுகூடச் சொல்கிறவன் நான். அதைப் பார்த்ததும் எனக்கு விளக்க யாரும் தேவைப்படவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி நிற்கிறவனுக்குத்தான் அடி அப்படித் தேயும்.

பின்னும்போது கம்பத்தோடு நான் திரும்பியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று அங்குலமாக, பதினாறு சுற்றில் ஒரு முழு வட்டம். அவிழ்க்கும்போது அண்ணாந்து தட்டைப் பார்ப்பதால் திரும்பவில்லை. மிச்சம் நின்ற ஒரு சுற்று என்னுடையது. பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

கதவு, ஜன்னல், கண்ணாடி, பெஞ்சு, மறுபடி கதவு என்று மே நான்காம் தேதி என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அசையாமல் நிற்கிறவனுக்குக் கதவு மட்டும்தானே தெரிய வேண்டும்?

ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, வீட்டு ரப்பர் செருப்போடே ஓடினேன். மொன்செ நம்பவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டாள், ஜெசிந்தாவையும் போன் போட்டு வரவழைத்தாள். என் ஷூ அடியில் சாக்பீஸை அரைத்துத் தடவி, போட்டுக்கொண்டு நின்றேன். ஜெசிந்தா கையில் சிவப்பு ரிப்பன். ஆடினார்கள். இந்த முறை நான் அசையவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், சத்தியமாக. முடிந்ததும் என்னை நகரச் சொன்னார்கள். தரையில் சாக்பீஸ் தூளில் முழு வட்டம், காம்பஸ் வைத்து வரைந்தது போல.

பெஞ்சிலிருந்து ஜாவுமாதான் சொன்னார்: "ஆடுறவங்க தப்புன்னா பின்னல் மிச்சம் இருக்கும். இங்க இருந்தது பின்னல் இல்ல, வெறும் சுத்து."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"தோல் செருப்பைக் கழட்டுன்னு ரெண்டு தடவை சொன்னேன். கயிறு தரையப் பிடிக்கும், திரும்பினா கால் உனக்கே சொல்லும். தோல் வழுக்கிக் குடுத்துடும். நீ என்னமோ உங்க பாஷையில திட்டினே."

ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

மிரெயா சிவப்பு ரிப்பனை ஜெசிந்தாவிடமே விட்டுவிட்டாள். எண்ணினால் அவளுக்குத் தலை சுற்றுகிறதாம், தூக்கமே போய்விட்டதாம். பேன் பார்க்கிறவள் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். வேறு யாராவது கம்பம் பிடிக்கட்டும் என்று நானே கேட்டேன். மொன்செ பெற்றோர்களை எல்லாம் கூட்டினாள். ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஜெசிந்தா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பாலத்தருகே நின்றாள்.

"ஏன்பா திரும்புனீங்க?"

"ஷூ வழுக்கிருச்சு பாப்பா."

"எல்லா நாளுமா? மிரெயா ஆடுறப்ப மட்டும் வழுக்கலையா?"

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"ஒன்றரை மாசமா எனக்கு எண்ணத் தெரியலேன்னு நெனச்சேன்பா. பதினாறு வரைக்கும் எண்ணத் தெரியலேன்னு." சொல்லிவிட்டு அழுதாள். பாலத்தில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மன்னிச்சுக்க பாப்பா என்றேன். பெற்ற பிள்ளையிடம் அதைச் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இருக்கவில்லை. வெட்கம்தான் தாங்கவில்லை. வீட்டில் பதினாறு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, அங்கே பதினாறு தடவை என் முகத்துக்கு நேரே வருகிறாள். எப்படிப் பார்க்காமல் இருப்பது? இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

சமையலறையில் ஒத்திகை. நான் கயிற்றுச் செருப்பு போட்டுத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் என்னைச் சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றிலேயே, "அப்பா, திரும்புறீங்க" என்றாள். தரையைப் பார்த்தேன், திரும்பினேன். அடுப்பை முறைத்துக்கொண்டு நின்றேன், அதற்கும் திரும்பினேன். கயிறு தரையைப் பிடித்துச் சொல்லத்தான் செய்கிறது, கேட்கிறவன் யார்? கடைசியில் அவளே சொன்னாள்: "கண்ண மூடிக்கங்கப்பா."

மூடினேன். பதினாறு சுற்று. கால் அசையவில்லை.

"அவ்ளோதான்பா" என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். எனக்கு அது அவ்வளவுதான் இல்லை. ஒன்றரை மாதம் படாத பாடு பட்டு நின்றதற்கு, நாளைக்கு ஊரே பார்க்கப் போகிறது, நான் மட்டும் பார்க்க முடியாது.

ஜூன் 24, திங்கள்

வெயில். சதுக்கம் நிறையக் கூட்டம். தொப்பி என் தலைக்குச் சின்னது. பதினோரு மணி ஆட்டம் பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. அதற்குள் அந்தச் செருப்புக் கயிறு கெண்டைக்காலை அறுத்துவிட்டது.

மொன்செ விசில் ஊதினாள். குழல்கள் ஊதத் தொடங்கின. கண்ணை மூடினேன்.

முதலில் கால் சத்தம்தான் கேட்டது, பதினாறு கால். பிறகு ரிப்பன்கள் காற்றில் உரசுகிற சத்தம். அதற்குப் பிறகு அவள் குரல் இடது காதிலிருந்து வலது காதுக்குப் போனது: "ஒண்ணு." கொஞ்ச நேரம் இல்லை. மறுபடி வந்தது: "ரெண்டு." கூட்டம் எதற்கோ ஆ என்றது, எதற்கென்று தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள். ஏழில் உதட்டைக் கடித்திருப்பாள், சொல் கொஞ்சம் நசுங்கி வந்தது. பத்தில் முடியை ஊதினாள், அது என் கையில் பட்டது. பன்னிரண்டில் மிரெயா பக்கம் சிரித்தாளா இல்லையா என்று மட்டும் கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. கால் இரண்டும் நட்டது மாதிரி நின்றேன். தோளில் ஈ உட்கார்ந்தது, அதையும் விட்டுவிட்டேன்.

"பதினாறு!" என்று கத்தினாள். ஊருக்கே தமிழ் தெரிந்துவிட்டது.

கண்ணைத் திறந்து அண்ணாந்தேன். வானம், தட்டு, அவிழ்கிற ரிப்பன்கள். கீழே பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. பின்னல் ஏறிக்கொண்டே போய் உச்சிக்கு வந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பிறகு கைதட்டல். அதற்கப்புறம்தான் தலையைக் குனிந்தேன். எட்டு ரிப்பனும் நேராகத் தொங்கின. சிவப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. முகம் என் பக்கம் இல்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதானே முறை.

குழுவுக்கு ஐந்து பேரை எடுத்தார்கள். மூன்றாவது பெயர் ஜெசிந்தா இன்னாசிமுத்து. என் பெயரை மொன்செ கடித்துக் குதறினாள், பரவாயில்லை. ஜாவுமா பட்டையோடு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் அங்கேயே, அந்த வெயிலிலேயே, ஒரு கூட்டம் போட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசி ஒரு தீர்மானம்: இனிமேல் ரிப்பன் பிடித்து ஆடுகிற யாருக்கும் அப்பாவோ அம்மாவோ கம்பம் பிடிக்கக் கூடாது. எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன், இந்தத் தடவை தெரிந்தே.

சாயங்காலம் பிலோமினா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் பக்கம் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"சரி. டிக்கெட்ட ரத்து பண்ணிருங்க" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்படிங்க ஆடுனா?" என்று கேட்டாள்.

"நல்லா எண்ணுனா."

"ஆடுனதக் கேட்டேன்."

"அதத்தான் சொல்றேன். ஒரு சுத்துகூடத் தப்பலை" என்றேன்.